லாஸ்கர் தற்காப்பில் 13ஆவது நகர்த்தல்: ஆனந்த் ஆடிய அதே பி6 எனக்கு ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: மலைப்பாதை (குன்னூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் குன்னூரில் இளநிலைப் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த நாட்களில்தான் சதுரங்கத்தை முறையாகக் கற்கத் தொடங்கினேன். அதற்கு முன் வீட்டில் அப்பாவுடன் ஆடியது மட்டுமே. எங்கள் பகுதியில் எதிரே அமர்ந்து மூன்று நான்கு மணி நேரம் ஆட ஆள் கிடைப்பது அரிது. ஆகவே, பெரும்பாலும் கைப்பேசியில் ஆடியும், பழைய உலகச் சாம்பியன் போட்டி ஆட்டங்களைப் பலகையில் ஒவ்வொரு நகர்த்தலாக அடுக்கிப் பார்த்தும் கற்றுவருகிறேன்.

சென்ற மாதம் கோவையில் நடந்த ஒரு ரேட்டிங் போட்டியில் நான்காம் சுற்றில் கருப்புக் காய்களுடன் ஆடித் தோற்றேன். விடியற்காலைப் பேருந்தில் பர்லியார் வழியாக இறங்கிப் போன களைப்பை நான் காரணமாகச் சொல்ல விரும்பவில்லை, ஏனெனில் ஆட்டத்தின் முதல் பன்னிரண்டு நகர்த்தல்களை நான் தூக்கத்திலும் சொல்வேன். அந்த ஆட்டத்தில் எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் சறுக்கினேன் என்பது இன்னும் விளங்கவில்லை. அதை அறியவே எழுதுகிறேன்.

ஆட்டம் இவ்வாறு சென்றது (ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளையின் நகர்த்தல், அடுத்து என்னுடையது; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்த்தல்): 1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை சி3, குதிரை எஃப்6 4. மந்திரி ஜி5, மந்திரி இ7 5. இ3, கோட்டை கட்டினேன் 6. குதிரை எஃப்3, எச்6 7. மந்திரி எச்4, குதிரை இ4 8. மந்திரி இ7இல் வெட்டு, ராணியால் வெட்டு 9. யானை சி1, சி6 10. மந்திரி டி3, சி3இல் குதிரையை வெட்டினேன் 11. யானையால் வெட்டு, சி4இல் சிப்பாயை வெட்டினேன் 12. மந்திரியால் வெட்டு, குதிரை டி7 13. வெள்ளை கோட்டை கட்டினார்.

2010இல் சோஃபியாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஆனந்த் ஆடிய 12ஆவது ஆட்டத்தை நான் பலமுறை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். அதில் வெள்ளையின் 10ஆவது நகர்த்தல் மந்திரி இ2 என்றிருந்தாலும், 12ஆவது நகர்த்தலில் மந்திரி சி4க்கு வந்துவிடுவதால் இரண்டும் ஒரே நிலையில் முடிகின்றன. அங்கே ஆனந்த் பி6 ஆடினார் என்பது நினைவிருந்தது. எனினும், என் ராஜாவின் அருகில் காவலுக்கு ஒரு காயும் இல்லையே என்ற அச்சத்தில், முதலில் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்துவிட்டு அதன் பிறகு பி6 ஆடலாம் என்று எண்ணினேன். 13... குதிரை எஃப்6 14. குதிரை இ5, பி6 15. குதிரை சி6இல் சிப்பாயை வெட்டி என் ராணியையும் தாக்கியது. அந்த ஒரு சிப்பாயை என்னால் கடைசிவரை மீட்க முடியவில்லை. யானை இறுதியாட்டத்தில் 47ஆவது நகர்த்தலில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தேன்.

என் ஐயங்கள் இவை. லாஸ்கர் தற்காப்பு என்ற இந்தத் திறப்பே (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசையே) என் போன்ற நிலையில் உள்ளவர்களுக்குப் பொருந்தாததா? ஆனந்துக்குப் பொருந்திய பி6 எனக்கு மட்டும் சிப்பாய் இழப்பாக முடிந்தது எதனால்? 14. குதிரை இ5 வந்த பிறகாவது மீள வழி இருந்ததா? கணினி எனக்கு எண்களைக் காட்டுகிறதே தவிர காரணத்தைச் சொல்லவில்லை. பெரியவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: லவ்டேல் வாசகர் (உதகை)

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் பலகையை எடுத்து வைத்து அடுக்கிப் பார்த்தேன். நான் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் திறப்பை நாற்பது ஆண்டுகளாக இரு பக்கமும் ஆடியிருக்கிறேன். உங்கள் ஐயத்துக்கான விடை, நீங்களே எழுதியிருக்கும் நகர்த்தல்களுக்குள் முழுமையாக இருக்கிறது.

முதலில் இந்தத் தற்காப்பு எதற்காக ஏற்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாக இருந்த இம்மானுவேல் லாஸ்கரின் பெயரால் இது வழங்குகிறது. ராணி காம்பிட் மறுப்பில் (2. சி4க்கு 2... இ6 என்று விடையளிக்கும் திறப்பில்) கருப்புக்கு எப்போதும் இடநெருக்கடி உண்டு. இ6இல் சிப்பாய் நிற்பதால் சி8இல் உள்ள மந்திரிக்கு வெளியே வர வழியில்லை. 7... குதிரை இ4 என்று பாய்ந்து, இ7இல் ஒரு மந்திரிச் சோடியையும் சி3இல் ஒரு குதிரைச் சோடியையும் கருப்பு மாற்றிக்கொள்கிறது. நெருக்கமான இடத்தில் நிற்கும் காய்கள் குறைந்தால் நெருக்கடியும் குறையும் என்பதே லாஸ்கரின் கணக்கு. ஆனால் அந்த மாற்றங்கள் சி8 மந்திரியின் சிக்கலைத் தீர்ப்பதில்லை. தீர்ப்பதற்கான அவகாசத்தை மட்டுமே தருகின்றன. அந்த அவகாசத்தில் கருப்பு சி5 அல்லது இ5 என்ற இரண்டில் ஒரு சிப்பாய் முன்னேற்றத்தைக் கட்டாயம் செய்துவிட வேண்டும். 13ஆவது நகர்த்தலில் நீங்கள் நின்ற இடம் துல்லியமாக அதுதான்.

இப்போது டி7 குதிரையைப் பாருங்கள். அங்கிருந்து அது சி5, இ5 என்ற இரு கட்டங்களையும் காக்கிறது. நீங்கள் செய்ய வேண்டிய இரு முன்னேற்றங்களுக்கும் அதுவே துணை; வெள்ளைக் குதிரை இ5க்கு வருவதைத் தடுக்கும் காவலும் அதுவே. அதை எஃப்6க்கு நகர்த்திய கணத்தில் மூன்று வேலைகளும் ஒருசேர விட்டுப்போயின. உங்கள் எதிராளி அடுத்த நகர்த்தலிலேயே இ5இல் குதிரையை ஊன்றியது தற்செயல் அல்ல. கதவு திறந்தவுடன் உள்ளே வந்திருக்கிறார். அங்கிருந்து அது சி6ஐப் பார்க்கிறது. சி6 சிப்பாய்க்கு அதுவரை பி7 சிப்பாய்தான் காவல். 14... பி6 ஆடி அந்தக் காவலையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

ஆனந்தின் வரிசையை இதனோடு ஒப்பிடுங்கள். அவர் 13... பி6 ஆடியபோது குதிரை டி7இல் இருந்தது. ஆகவே வெள்ளைக் குதிரையால் சி6ஐ நெருங்கவே முடியவில்லை. 14. மந்திரி டி3 வந்ததும் 14... சி5 ஆடினார். சி6இல் இருந்த சிப்பாயே முன்னேறிவிட்டதால் அங்கே தாக்குவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. 15. மந்திரி இ4 என்று மூலை யானையைத் தாக்க, 15... யானை பி8 என்று விலகினார். 16. ராணி சி2 ஆடிய பிறகுதான், 16ஆவது நகர்த்தலில், குதிரை எஃப்6க்கு வருகிறது. கவனியுங்கள், அம்மா: அதே குதிரை, அதே கட்டம். ஆனால் அங்கே வந்தபோது அது இ4இல் நின்ற மந்திரியைத் தாக்கிக்கொண்டு வந்தது. சி5 முன்னேற்றமும் முடிந்திருந்தது. நீங்கள் ஆடிய பி6, குதிரை எஃப்6 ஆகிய இரண்டுமே ஆனந்த் ஆடிய நகர்த்தல்கள்தாம். வரிசை மட்டும் தலைகீழானது. ஆகவே நீங்கள் நினைப்பதுபோல் திறப்பைத் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்த ஆட்டத்தின் பிற்பகுதியையும் இந்தக் கண்ணோடு மீண்டும் பார்க்க வேண்டுகிறேன். 17. சி5இல் வெட்டு, குதிரை இ4இல் வெட்டு 18. ராணியால் வெட்டு, பி சிப்பாயால் சி5இல் வெட்டு 19. ராணி சி2, மந்திரி பி7. பத்தொன்பது நகர்த்தல்கள் கழித்து, சி8இல் அடைந்து கிடந்த அந்த மந்திரி நீண்ட மூலைவிட்டத்தில் வந்து அமர்கிறது. 28ஆவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை அதை ஏ8 மூலைக்கே தள்ளியபோதும் அது அந்த மூலைவிட்டத்தை விடவில்லை. 31ஆவது நகர்த்தலில் டோபலோவ் எஃப்5இல் வெட்ட, ஆனந்த் 31... இ4 என்று சிப்பாயைத் தள்ளினார். 32ஆவது நகர்த்தலில் டோபலோவ் எஃப் சிப்பாயால் அதையும் வெட்ட, 32... ராணி இ4இல் வெட்டிச் செக்! பின்னால் ஏ8 மந்திரி, முன்னால் ராணி, எதிரே ஜி2இல் வெள்ளை ராஜா. 33. ராஜா எச்3, யானை டி4. திறப்பில் கருப்பின் ஆகப் பெரிய சுமையாக இருந்த காய், வெள்ளை ராஜாவை வெளியே இழுத்துவந்த காயாக மாறியது. 56 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. ஐந்தரைக்கு ஐந்தரை என்று சமனில் நின்ற போட்டியை ஆறரைக்கு ஐந்தரை என்று ஆனந்த் வென்றார்.

பயணக் களைப்பைக் காரணமாகச் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சியாக இருந்தது. அந்தப் போட்டிக்கு முன் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சோஃபியாவுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 40 மணி நேரம் பயணம் செய்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டும் ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றார். அதன் பிறகே மீண்டார்.

பதில் 2: முதுமலைச்சாரல் (கூடலூர்)

தங்கை அவர்களுக்கு வணக்கம். ஆசிரியர் ஐயா கூறிய விளக்கத்தோடு எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு கருத்துகளைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டிலும் நான் சற்று மாறுபடுகிறேன்.

முதலாவது, 14. குதிரை இ5க்குப் பிறகு மீள வழி இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். 14... சி5 என்று உடனே ஆடியிருக்கலாம் என்பது என் எண்ணம். 15. டி சிப்பாயால் சி5இல் வெட்டினால், ராணியால் வெட்டி, அதே வரிசையில் இ5இல் நிற்கும் குதிரையையும் தாக்கலாம். சி6 பலவீனமும் ஒழிந்தது, சிப்பாய்க் கணக்கும் சமம்.

இரண்டாவது, திறப்பைப் பற்றியது. நான் கூடலூரிலிருந்து கோவைக்கும் சில நேரம் மைசூருக்கும் போட்டிகளுக்குச் சென்றுவருகிறவன். இன்று நம் நிலையில் ஆடுவோர் பெரும்பாலும் 1. டி4 ஆடினாலும் 2ஆவது நகர்த்தலிலேயே மந்திரியை எஃப்4க்குக் கொண்டுவந்து லண்டன் முறையை ஆடுகிறார்கள். ஜி5க்கு மந்திரி வந்தால்தான் லாஸ்கர் தற்காப்பே உருவாகும். அரிதாக வரும் ஒரு நிலைக்காகப் பன்னிரண்டு நகர்த்தல்களை மனப்பாடம் செய்வது, மழை பெய்யாத ஊரில் குடை விற்பதைப் போல. மேலும், லாஸ்கர் வழியில் காய்கள் விரைவாக மாறிவிடுவதால், வெற்றி தேவைப்படும் சுற்றில் கருப்புக்கு ஆடுவதற்கே பொருள் மிஞ்சாது. 7... குதிரை இ4க்குப் பதிலாக 7... பி6 ஆடினால் அது டார்டகோவர் முறை. அங்கே காய்கள் பலகையில் இருக்கும், மந்திரி பி7க்கு வரும் வழியும் தொடக்கத்திலேயே திறந்துவிடும். கார்போவும் காஸ்பரோவும் அதை நம்பி ஆடியிருக்கிறார்கள். தங்கை அதைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

பதில் 3: பச்சைக்கொழுந்து (கோத்தகிரி)

நான் கோத்தகிரிப் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் தேயிலைத் தோட்டமும் உண்டு என்பதால் இந்தப் பெயரில் எழுதுகிறேன்.

கூடலூர் அண்ணா சொன்ன 14... சி5 எனக்கும் முதலில் சரியென்றே தோன்றியது. பிறகு பலகையில் வைத்துப் பார்த்தபோது ஒரு கண்ணி தென்பட்டது. 15. சி5இல் வெட்டு, ராணியால் வெட்டு என்ற நிலையில் வெள்ளை 16. குதிரை ஜி6 ஆடுகிறது! குதிரை எஃப்8 யானையைத் தாக்குகிறது. ஆசைப்பட்டு எஃப் சிப்பாயால் அதை வெட்டினால், 17. மந்திரி இ6இல் வெட்டிச் செக். மந்திரி சி4இலிருந்து விலகியதும் சி3 யானைக்கு வழி திறந்து, சி5இல் நிற்கும் கருப்பு ராணி அதன் வாயில் விழுகிறது. செக்குக்கு விடை சொல்ல வேண்டியிருப்பதால் ராணியைக் காப்பாற்ற நேரமில்லை. குதிரையையும் மந்திரியையும் கொடுத்து ராணியோடு ஒரு சிப்பாயையும் வெள்ளை பெற்றுவிடும். பதறாமல் 16... யானை டி8 ஆடினால் கருப்பு தாங்கிக்கொள்ளலாம், 17. ராணி சி2 வந்ததும் கருப்பு ராணி சி நிரையை (செங்குத்து வரிசையை) விட்டு உடனே விலக வேண்டும். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் காண்பது எளிதல்ல. அண்ணா தவறாக நினைக்க வேண்டாம். சி5 என்ற கருத்து சரி, அதற்கான நேரம் ஒரு நகர்த்தல் முன்பே கடந்துவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

தங்கையே, 14. குதிரை இ5க்குப் பிறகு உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் 14... குதிரை டி7 என்று வந்த வழியே திரும்பியிருப்பேன். இரண்டு நகர்த்தல்கள் வீணாகின்றன என்பது உண்மை. ஆனால் இ5 குதிரைக்கு எதிராக நின்று, அதை மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். தவறான நகர்த்தலைத் திரும்பப் பெறுவதற்கு நம் பிள்ளைகள் மிகவும் கூச்சப்படுகிறார்கள். எதிராளி என்ன நினைப்பாரோ என்ற எண்ணம் அவர்களைத் தடுக்கிறது. சிப்பாய் மட்டும்தான் பின்னால் போக முடியாத காய். குதிரைக்கு அந்தத் தடை இல்லை.

நகர்த்தல்களை எழுதும் உங்கள் தாளில் நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறீர்களா? முதல் பதின்மூன்று நகர்த்தல்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தீர்கள், 14ஆவதற்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். மனப்பாடம் முடியும் இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். பெரும்பாலோர் அந்த வேகத்திலேயே இன்னும் இரண்டு நகர்த்தல்கள் ஆடிவிட்டுப் பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

திறப்பை மாற்றுவது பற்றி நான் அண்ணாவிடமிருந்து மாறுபடுகிறேன். டார்டகோவர் நல்ல முறைதான். ஆனால் 1972இல் ரெய்க்யாவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஸ்பாஸ்கி அதே முறையை ஆடி ஃபிஷரிடம் எப்படித் தோற்றார் என்று பாருங்கள். அங்கே கருப்பின் சி5, டி5 சிப்பாய்கள் இரண்டும் வெள்ளைக்கு நிரந்தர இலக்காயின. அதன் நுட்பங்களைக் கற்க லாஸ்கர் வழியைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். லாஸ்கர் வழியில் வெற்றிக்கு இடமில்லை என்பதற்கு ஆனந்தின் ஆட்டமே மறுப்பு. அந்தப் போட்டியில் கருப்புக் காய்களுடன் கிரன்ஃபெல்ட், ஸ்லாவ் என்ற இரு தற்காப்புகளையும் ஆடி ஒவ்வொன்றிலும் ஒரு தோல்வியைக் கண்ட பிறகு, உலகப் பட்டம் முடிவாகும் கடைசி ஆட்டத்தில் அவர் கையிலெடுத்தது இதைத்தான்.

எங்கள் தோட்டத்தில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடிகளைக் கவாத்து செய்வோம். கவாத்து முடிந்த அன்று தோட்டம் வெறும் குச்சிகளாகத்தான் தெரியும். புதுத் துளிர் எழும்பும் மாதங்களில் செடியைப் பேணினால்தான் வெட்டியதற்குப் பலன். லாஸ்கர் தற்காப்பில் நடக்கும் காய் மாற்றங்களை என் மாணவர்களுக்கு நான் அப்படித்தான் விளக்குவேன். நான்கு காய்கள் போன பிறகு நிலை வெறுமையாகத் தெரிவதால், இனி ஆபத்தில்லை என்று பிள்ளைகள் தளர்ந்துவிடுகிறார்கள். உங்கள் 13ஆவது நகர்த்தலில் அச்சம் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ராஜாவைத் தாக்க வெள்ளையிடம் அப்போது என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். கருங்கட்ட மந்திரி போய்விட்டது, ஒரு குதிரை போய்விட்டது. ராஜாவுக்கு அருகில் காவல் தேவைப்படவில்லை. இ5 கட்டத்துக்குத்தான் தேவைப்பட்டது.

லண்டன் முறை அதிகம் வருகிறது என்ற அண்ணாவின் கணிப்பு மட்டும் சரி. அதற்குத் தனியாக ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். 4ஆவது நகர்த்தலில் டி5இல் வெட்டும் மாற்று முறைக்கும் ஆயத்தமாக இருங்கள். ஜி5 மந்திரியை எதிர்பார்த்து அமர்ந்திருப்பவர்களை அது திகைக்க வைக்கும்.

மீண்டும் கேள்வி கேட்டவர்: மலைப்பாதை (குன்னூர்)

ஆசிரியர் ஐயாவுக்கும், அண்ணாவுக்கும், அக்காவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அக்கா கேட்ட பிறகு நகர்த்தல்களை எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடியும் என்ற கணக்கில் நடந்த ஆட்டம். 13ஆவது நகர்த்தல் முடிந்தபோது என் கடிகாரத்தில் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிக நேரம் இருந்தது. 14... பி6க்கு இரண்டு நிமிடம் எடுத்திருக்கிறேன். சிப்பாயை இழந்த பிறகு 15ஆவது நகர்த்தலுக்கு முப்பத்தெட்டு நிமிடம். அக்கா சொன்னது அப்படியே என் தாளில் எழுதியிருக்கிறது.

நேற்று மாலை கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, 13ஆவது நகர்த்தல் நிலையை அடுக்கி அப்பாவுக்கு வெள்ளைக் காய்களைக் கொடுத்து ஆடினேன். அப்பா திறப்புகள் எதையும் படித்தவரல்லர். 13... பி6 ஆடியபோது அவரும் குதிரையை இ5க்கே கொண்டுவந்தார். நான் டி7 குதிரையால் அதை வெட்டினேன், அவர் டி சிப்பாயால் வெட்டினார். அதன் பிறகு என் மந்திரி பி7க்கு வந்தது, யானை டி8க்கு வந்தது, எந்த இடத்திலும் மூச்சு முட்டவில்லை. ஐயா எழுதியதைப் படித்தபோது புரிந்ததைவிட, டி7 குதிரையைக் கையில் எடுத்து இ5இல் வைத்தபோது கூடுதலாகப் புரிந்தது.

இன்னும் ஒரே ஒரு ஐயம். சி5, இ5 இரண்டில் ஒன்றைக் கட்டாயம் ஆட வேண்டும் என்று ஐயா எழுதியிருந்தார். ஆனந்த் சி5 வழியைத் தேர்ந்தார். 13... இ5 ஆடினால் அதுவும் சமமான வழிதானா? அங்கே வெள்ளை 14. மந்திரி பி3 என்று அமைதியாகப் பின்வாங்கினால் நான் என்ன செய்வது? அப்பா அதைத்தான் ஆடினார்; எனக்கு அடுத்த நகர்த்தல் தெரியவில்லை.

பதில் 4: முதுமலைச்சாரல் (கூடலூர்)

கோத்தகிரிச் சகோதரி காட்டிய குதிரை ஜி6 நகர்த்தலை நான் காணவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரவு முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 16... யானை டி8 ஆடிய பிறகு கருப்பு தோற்காது என்றே இன்னும் நம்புகிறேன். ஆனால் அந்த இடத்துக்குத் தங்கையை அனுப்பும் அறிவுரையை நான் சொல்லியிருக்கக் கூடாது. 14... குதிரை டி7 என்பதே சரியான விடை. லண்டன் முறைக்கு எதிராக நான் ஆடும் வழியைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

பதில் 5: லவ்டேல் வாசகர் (உதகை)

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 14. மந்திரி பி3 என்பது வல்லுநர்கள் ஆடும் முதன்மையான நகர்த்தல். அதைப் படிக்காமலேயே கண்டிருக்கிறார். காரணமும் எளியதே. சி4இல் நின்றால் டி7 குதிரை பி6 வழியாக வந்து மந்திரியைத் தாக்கக்கூடும். பி3இல் அந்தத் தொல்லை இல்லை.

13... இ5 முழுமையாக ஏற்கத்தக்க வழி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். பி6, சி5 வழியில் மந்திரி பி7 வழியாக வெளியேறுகிறது. இ5 வழியில் இ6 சிப்பாயே நகர்ந்துவிடுவதால், அது தன் பழைய மூலைவிட்டத்திலேயே சி8இலிருந்து நேராக எஃப்5க்கோ ஜி4க்கோ வரலாம். 14. டி சிப்பாயால் இ5இல் வெட்டினால், குதிரையால் வெட்டுங்கள். அவர் குதிரையால் வெட்ட, நீங்கள் ராணியால் வெட்டுங்கள். அதன் பின் 16. எஃப்4 என்று ராணியைத் துரத்துவது வெள்ளையின் வழக்கமான முயற்சி. ராணியை எஃப்6க்கு விலக்கினாலும் இ4க்கு ஏற்றினாலும் ஆட்டம் உண்டு. ஆனால் வெள்ளையின் எஃப் நிரை யானை விழித்துக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது.

இனி 14. மந்திரி பி3. அங்கே 14... டி4இல் வெட்டுங்கள். 15. இ சிப்பாயால் அவர் மீண்டும் வெட்டினால், டி4இல் உள்ள வெள்ளைச் சிப்பாய்க்கு இரு பக்கத்திலும் துணைச் சிப்பாய் இல்லை. 15... குதிரை எஃப்6 ஆடுங்கள். ஆம், அதே எஃப்6 தான். இந்த அமைப்பில் உங்கள் சி5, இ5 வேலைகள் முடிந்துவிட்டன. குதிரைக்கு டி7இல் இனிக் காவல் வேலை இல்லை. எஃப்6இலிருந்து அது டி5ஐப் பார்க்கிறது. அந்தத் தனிச் சிப்பாயின் முன்னே சி6இன் துணையோடு குதிரை நின்றுவிட்டால் அதை விரட்ட வெள்ளையிடம் சிப்பாய் கிடையாது. 16. யானை இ1 என்று ராணியைத் தாக்குவார், 16... ராணி டி6. 17. குதிரை இ5 வந்தால் இப்போது அஞ்ச வேண்டாம்: பி7 சிப்பாய் தன் இடத்தில் இருக்கிறது, சி6க்குக் காவல் உண்டு. 17... குதிரை டி5. ஆனால் சி3 யானை மூன்றாம் வரிசையில் ஜி3க்குப் பெயர்ந்து உங்கள் ராஜாவின் மேல் திரும்பும். அந்த இடத்தில் பி6 ஆட மட்டும் கை போக வேண்டாம். எஃப்5க்கு மந்திரியைக் கொண்டுவரலாமா, எஃப்7 தாங்குமா என்று உங்கள் அப்பாவோடு அமர்ந்து பாருங்கள். பார்த்ததை இங்கே எழுதுங்கள்.